மாத்திரையும் போதவில்லை, சி.பி.டி.யும் நிலைக்கவில்லை: தம்பிக்கு உளப்பகுப்பாய்வு சிகிச்சை உதவுமா? அரசு மருத்துவமனையில் கிடைக்குமா?

மயூர் விஹார் முதல் ஃபேஸில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு 34 வயது, ஆறு வருடமாக மனச்சோர்வு. மூன்று மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. 12 செஷன் சி.பி.டி. (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சை) முடித்தபின் நான்கு மாதம் நன்றாக இருந்தார், மறுபடி படுத்துவிட்டார். இப்போது தெற்குத் தில்லியில் ஒரு தெரபிஸ்ட், ஃப்ராய்டு தொடங்கிய உளப்பகுப்பாய்வு வழியில் வாரம் இரண்டு முறை பார்க்கலாம், ஒரு தடவைக்கு 2,000 ரூபாய், இரண்டு வருடம் வரை ஆகலாம் என்கிறாராம். "ஃப்ராய்டெல்லாம் பொய் என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள், இது காசு பிடுங்கும் வேலை" என்பது கணவரின் கருத்து. "நிஜமாகவே பலன் உண்டா? உண்டென்றால் அரசு மருத்துவமனையில் ஏன் இல்லை?" என்பது இவருடைய கேள்வி.

நான் மனநல மருத்துவர் இல்லை, மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 23 வருடம் மருத்துவ உளவியலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு வழியிலும் சிகிச்சை கொடுத்திருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஏமாற்று வேலை இல்லை. உங்கள் தம்பியைப் போன்ற நிலையில் இருந்தவர்களிடமே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் அது மெதுவாக வரும், எல்லோருக்கும் வராது. வாரம் இரண்டு முறை என்பதும் கட்டாயமில்லை. அரசு மருத்துவமனையில் ஏன் இல்லை என்ற கேள்விதான் என்னை வேலையில் இருந்தபோதும் இப்போதும் தூங்கவிடாமல் செய்வது. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஃப்ராய்டு சொன்ன பலவற்றை அவர் வழியில் வந்தவர்களே இன்று கைவிட்டுவிட்டார்கள். எல்லா ஆண்பிள்ளைக்கும் அப்பாவோடு போட்டி இருக்கும் என்பது, பெண்களின் மனதைப் பற்றி அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி, இவற்றுக்கெல்லாம் ஆதாரம் தேறவில்லை. ஆனால் சில விஷயங்கள் நின்றுவிட்டன. நாம் செய்வதற்கான காரணம் முழுவதும் நமக்கே தெரிவதில்லை. சின்ன வயதில் பழகிய உறவின் சாயல் பின்னால் வரும் உறவுகள் மேலும் விழுகிறது. தாங்க முடியாததை மனம் எங்கோ ஒளித்துவைக்கிறது, ஒளித்தது வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது. இன்றைய சிகிச்சை இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

அப்புறம், சினிமாவில் காட்டுவதுபோல் சாய்வு மெத்தையில் படுத்துக்கொண்டு வாரம் நான்கைந்து நாள் வருடக்கணக்கில் பேசுவது வேறு. அது முழு உளப்பகுப்பாய்வு, அதற்கான ஆராய்ச்சி ஆதாரம் குறைவு. உங்கள் தம்பிக்குச் சொல்லியிருப்பது அதிலிருந்து பிறந்த எளிய வடிவம். எதிரெதிரே நாற்காலியில் உட்கார்ந்து, வாரம் ஒன்றோ இரண்டோ முறை, 50 நிமிடம் பேசுவது. சி.பி.டி.யில் 'இந்த எண்ணம் சரிதானா, வேறு எப்படிப் பார்க்கலாம், இந்த வாரம் எதைச் செய்து பார்க்கலாம்' என்று வீட்டுப்பாடத்தோடு போகும். இங்கே வீட்டுப்பாடம் கிடையாது. மனதில் வருவதை வந்தபடி சொல்ல வேண்டும். எங்கே பேச்சு தடுக்கிறது, எதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது, எந்த வாரம் தாமதமாக வருகிறார் என்பதையெல்லாம் சிகிச்சை தருபவர் கவனித்துக்கொண்டே இருப்பார். சிகிச்சை தருபவர் மேலேயே கோபமோ பயமோ ஏக்கமோ வரும்போது அதை ஒதுக்கிவிடாமல், 'இது எங்கிருந்து வருகிறது?' என்று இருவருமாகப் பார்ப்பார்கள். இதன் மையமே அதுதான்.

இப்படிச் சொன்னால் பிடிபடாது. ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, ஜங்புரா அருகே ஒரு குடிசைப் பகுதியில் இருந்துகொண்டு நான்கு வீடுகளில் வேலை பார்த்த பெண்மணி. வயது நாற்பதை ஒட்டி. உடம்பெல்லாம் வலி, தூக்கம் இல்லை, தலைக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். பொது மருத்துவம், எலும்பு, நரம்பு என்று எல்லா ஓ.பி.டி.யும் சுற்றி, ஸ்கேன்களில் ஒன்றும் தெரியாமல், கடைசியில் எங்கள் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். அவருடைய ஃபைலின் கனத்தை இன்னும் என் கை மறக்கவில்லை. அதில் ஒரு பக்கத்தில் 'ஒத்துழைப்பதில்லை' என்று யாரோ எழுதியிருந்தார்கள். என்னிடம் தமிழில் முதலில் சொன்னது இதுதான்: "ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு புள்ள உக்காந்திருக்கும்மா. ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்லேருந்து சொல்லணும். சொல்லிச் சொல்லி இப்ப அது யாரோட கதையோ மாதிரி ஆயிடுச்சு."

வியாழக்கிழமை 11 மணி என்று நேரம் குறித்துக்கொண்டோம். வேறு பெரிதாக எதுவும் செய்யவில்லை. அதே நாள், அதே அறை, அதே நான். ஐந்து மாதம் போனது. நடுவில் என் மகள் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன், முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "சந்தோஷமா போய்ட்டு வாங்கம்மா" என்று வாய் நிறையச் சிரித்து அனுப்பினார். நான் திரும்பி வந்தபின் இரண்டு வியாழன் அவர் வரவில்லை. மூன்றாவது வியாழன் வந்து, கை கால் வலியைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. "நான் விட்டுட்டுப் போனது உங்களுக்குக் கோபமா இருந்திருக்குமோ?" என்றேன். "ஐயோ, உங்க மேல என்னம்மா கோவம்" என்றார். பத்து நிமிடம் அறையில் பேச்சே இல்லை.

பிறகு சொன்னார். அவருக்கு ஐந்து வயதில் அம்மா இவரை ஆயாவிடம் விட்டுவிட்டுத் தில்லிக்குச் சித்தாள் வேலைக்குப் போயிருக்கிறார். போகிறவளைப் பார்த்து அழுதால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்று ஆயா சொன்னதால், பஸ்ஸில் ஏறிய அம்மாவைச் சிரித்துக்கொண்டே வழியனுப்பியிருக்கிறார். அம்மா திரும்பி வர மூன்று வருடம் ஆனது. சில வாரங்கள் கழித்து, நான் எதுவும் கேட்காமல், அவரே சொன்னார்: "யாரு போனாலும் சிரிச்சேதாம்மா அனுப்பியிருக்கேன். வீட்டுக்காரரு போனப்பவும், பையன் சூரத்துக்கு வேலைக்குப் போனப்பவும். அப்புறந்தான் ஒடம்பு வலிக்க ஆரம்பிக்கும்."

அந்தத் தொடர்பை நான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால் அது இன்னோர் அறிவுரையாகப் போயிருக்கும். அவர் என் மேல் கோபப்பட்டு, அந்தக் கோபத்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று பார்த்தபின் அவருக்கே தெரிந்தது. வலி முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் தூக்கம் வந்தது, மருத்துவர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார், பொது மருத்துவ ஓ.பி.டி. பக்கம் போவதை அவர் நிறுத்திவிட்டார்.

சரி, ஒருவர் கதையை வைத்து ஒரு சிகிச்சையை மதிப்பிட முடியாது. இந்தத் துறை செய்த பெரிய தவறே அதுதான். பல பத்தாண்டுகள் நோயாளிக் கதைகளை மட்டும் எழுதிக்கொண்டு, கணக்கு கேட்டவர்களைப் புரியாதவர்கள் என்று ஒதுக்கியது. 1952ல் ஐசென்க் என்ற உளவியலாளர், உளப்பகுப்பாய்வு செய்துகொண்டவர்களில் 44 சதவீதம் பேர்தான் தேறினார்கள், சாதாரண மருத்துவரிடமும் காப்பகங்களிலும் இருந்தவர்களில் 72 சதவீதம் பேர் தேறினார்கள் என்று எழுதினார். அந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நோயாளிகள் இல்லை, பாதியில் நின்றவர்களையும் தோல்வியாகவே எண்ணினார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு முறையான சோதனை செய்து பதில் சொல்ல இந்தத் துறை மிகவும் தாமதித்தது. உங்கள் கணவர் கேள்விப்பட்ட 'நிரூபித்துவிட்டார்கள்' என்பதன் வேர் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கடந்த இருபது முப்பது வருடங்களில் நிலைமை மாறிவிட்டது. உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு லண்டனில், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவைக்குள்ளேயே நடந்தது. டாவிஸ்டாக் மையத்தில் பீட்டர் ஃபொனகியும் அவருடைய சகாக்களும் செய்து 2015ல் வெளியிட்டார்கள். 129 பேர். எல்லோருக்கும் குறைந்தது இரண்டு வருடமாக விடாத மனச்சோர்வு, குறைந்தது இரண்டு சிகிச்சைகள் முயன்று தோற்றவர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு வாரம் ஒரு முறை உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை, 18 மாதத்தில் 60 செஷன்.

18 மாதம் முடிந்த அன்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரளவு குணமடைந்தவர்கள் பேச்சு சிகிச்சைப் பிரிவில் 32 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 24 சதவீதம். தற்செயலாகவே அப்படி வந்திருக்கலாம். ஆய்வை அங்கேயே மூடியிருந்தால் 'பயனில்லை' என்று எழுதிப் போயிருப்பார்கள். ஆனால் அவர்கள் மேலும் இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்து, பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் ஓரளவு குணத்தோடு இருந்தார்கள். மற்றவர்களில் 4 சதவீதம் பேர்தான். வழக்கமான சிகிச்சையில் தேறியவர்கள் மறுபடி மறுபடி விழுந்தார்கள், இவர்கள் பெரும்பாலும் விழவில்லை. நான்கு மாதம் நன்றாக இருந்து மறுபடி படுத்துவிட்ட உங்கள் தம்பிக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு எனக்குத் தெரியாது.

அதே எண்ணை மறுபக்கம் திருப்பியும் பார்க்க வேண்டும். பத்தில் ஏழு பேர் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. முழுக் குணம் அடைந்தவர்கள் 15 சதவீதம்தான். நாள்பட்ட மனச்சோர்வு அவ்வளவு பிடிவாதமானது. யாராவது 'நிச்சயம் குணமாகும்' என்று வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

மற்ற ஆய்வுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 341 பேரிடம் 16 செஷன் சி.பி.டி.யையும் 16 செஷன் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2013ல் வெளியிட்டார்கள். ஒன்று இன்னொன்றை மிஞ்சவில்லை. இரண்டிலும் முழுதாகத் தேறியவர்கள் கால்வாசிக்கும் குறைவு. எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று சொல்லப்படும் நிலையில், அதாவது உறவுகளில் கொந்தளிப்பு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது என்று வருபவர்களுக்கு, பேட்மன், ஃபொனகி இருவரும் உருவாக்கிய சிகிச்சையை எட்டு வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பிற்காலத்தில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 23 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 74 சதவீதம். 41 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் எட்டு வருடம் கழித்தும் நிற்கிற வித்தியாசத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது.

எங்கே இது உதவாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஓ.சி.டி.க்கு, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கு, இதை முதல் சிகிச்சையாக எடுக்கக் கூடாது. அதற்கு, பயப்படும் விஷயத்தை எதிர்கொண்டு, கை கழுவுவது போன்ற சடங்கைச் செய்யாமல் தாக்குப்பிடிக்கப் பழக்கும் முறைக்குத்தான் வலுவான ஆதாரம். மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் மருந்துதான் அடித்தளம். ஆட்டிசத்துக்கு அம்மாவின் வளர்ப்பைக் காரணம் காட்டி உளப்பகுப்பாய்வு செய்தது இந்தத் துறையின் வெட்கக்கேடான அத்தியாயம். பிரான்சிலேயே, அங்கே அந்த வழக்கம் வேரூன்றியிருந்தும், அரசின் சுகாதார ஆணையம் 2012ல் ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. சாப்பிடாமல், எழுந்திருக்காமல், உயிருக்கே ஆபத்தாக இருக்கும் மனச்சோர்விலும் முதலில் மருந்தும் மருத்துவமனையும்தான். அமெரிக்காவில் 1979ல் ஒரு டாக்டரையே மனச்சோர்வுக்காகத் தனியார் மருத்துவமனையில் ஏழு மாதம் வைத்து, மருந்து தராமல் இந்த வழியிலேயே சிகிச்சை செய்தார்கள். மோசமாகிக்கொண்டே போனார். வேறு இடத்தில் மருந்து கொடுத்தபின் சில மாதங்களில் தேறி, முதல் மருத்துவமனை மேல் வழக்குப் போட்டார். ஆகவே, மருந்தை நிறுத்தினால்தான் நான் பார்ப்பேன் என்று சொல்லும் தெரபிஸ்ட் யாராக இருந்தாலும் தம்பியை அங்கே விடாதீர்கள்.

இப்போது அரசு மருத்துவமனை.

ஒரு கூட்டத்தில் நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஒரே பேஷண்டுக்கு 60 மணி நேரமா மேடம்? ஆளுக்கு ஆறு நிமிஷம் என்றால் அதில் 600 பேரைப் பார்த்துவிடலாமே." நியாயமான கேள்வி. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. இந்த நாட்டில் ஒருவருக்கு 60 மணி நேரம் ஒதுக்குவது, ஊரே தாகத்தில் இருக்கும்போது ஒரு வீட்டுக்குத் தண்ணீர் லாரி அனுப்புவதுபோல் தெரியும்.

நான் அன்று சொன்ன பதிலை இன்றும் சொல்வேன். அந்த 600 பேரில் எத்தனை பேர் ஒரே ஆள் என்று எண்ணிப் பாருங்கள். நான் சொன்ன பெண்மணியின் கனத்த ஃபைலில் இருந்தது அதுதான். ஏழு வருடத்தில் எத்தனை ஓ.பி. சீட்டு, எத்தனை ரத்தப் பரிசோதனை, எத்தனை ஸ்கேன், எத்தனை நாள் கூலி இழப்பு. ஆறு ஆறு நிமிடமாக அவருக்கு நாம் ஏற்கெனவே நிறையவே செலவழித்துவிட்டோம், எதையும் கேட்காமல்.

இந்த வாதம் என் கண்டுபிடிப்பும் இல்லை. ஜெர்மனியில் இதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள். பெர்லினில் அன்னெமாரி டூர்சன் என்ற மருத்துவர் 1960களில், பொதுக் காப்பீட்டில் சிகிச்சை பெற்றவர்களை ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தார். அவர்கள் மருத்துவமனையில் படுக்கும் நாட்கள் குறைந்திருந்தன. 1967ல் இந்தச் சிகிச்சை ஜெர்மனியின் சட்டப்பூர்வ மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்தது. இன்றும் தேவைப்பட்டால் 300 செஷன் வரை அங்கே காப்பீடே கொடுக்கிறது. பிரிட்டன் வேறு பாதையில் போனது. 2008ல் ஆரம்பித்த பொதுப் பேச்சு சிகிச்சைத் திட்டத்தில் பெரும்பங்கு சி.பி.டி.க்குத்தான், ஆனால் 16 செஷனுக்குள் முடியும் ஓர் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஃப்ராய்டே 1918ல் புடாபெஸ்டில் பேசும்போது, ஏழைக்கு அறுவை சிகிச்சை பெற எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை மனதுக்கான உதவியைப் பெறவும் உண்டு, ஒருநாள் அரசே இதை இலவசமாகத் தரும் என்றார். இரண்டே வருடத்தில், 1920ல், பெர்லினில் ஏழைகளுக்கான உளப்பகுப்பாய்வு கிளினிக் திறந்தது. நம் நாட்டில் இது இன்னும் நெருக்கமான கதை. கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ் 1922ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பித்தவர், ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பில் இருந்தவர். 1933ல், இன்று ஆர்.ஜி. கர் என்று அழைக்கப்படும் கல்லூரி மருத்துவமனையில், இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு பொது மருத்துவமனைக்குள் மனநல வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கியவரும் அவரே. எய்ம்ஸிலோ சஃப்தர்ஜங்கிலோ இன்று மனநல ஓ.பி.டி. வரிசையில் நிற்கிறோமே, அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் ஓர் உளப்பகுப்பாய்வாளர். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் அந்த 1933ஐ நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்காக, எல்லோருக்கும் முதல் பந்தியிலேயே இதைப் பரிமாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலத் துறையில் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு செஷனில் கடும் மனச்சோர்வுக்கு உதவச் செய்து பார்த்தார்கள். மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் 2017ல் வெளியிட்ட முடிவு: மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம், அது கிடைக்காதவர்களில் 39 சதவீதம். கிராமத்துக்கும் நகரத்தின் சின்ன கிளினிக்குகளுக்கும் முதலில் போக வேண்டியது இதுபோன்றதுதான். அதிலும் மருந்திலும் தேறாதவர்கள் என்று ஒரு கூட்டம் மிச்சம் இருக்கும். அவர்களுக்கு நம் அமைப்பில் இன்று இருப்பது அதே மருந்தின் அடுத்த டோஸ். அவர்களுக்குத்தான் ஒவ்வொரு பெரிய அரசு மருத்துவமனையிலும் இரண்டு மூன்று பேராவது இந்தப் பயிற்சியோடு இருக்க வேண்டும் என்கிறேன். ஒருவர் வாரத்துக்கு 25 பேரைப் பார்க்க முடியும். 60 செஷன் என்றால் ஒன்றரை வருடத்துக்கு அதே 25 பேர்தான். 16 செஷன் வடிவம் என்றால் வருடத்துக்கு எழுபது எண்பது பேர். எட்டு பேர் சேர்ந்து உட்காரும் குழு சிகிச்சையாக நடத்தினால் இன்னும் கூடும். இரண்டாம் உலகப்போரில் மனதில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக பர்மிங்ஹாமின் நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் இந்த வழிக் குழு சிகிச்சை வளர்ந்ததற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

இதற்கெல்லாம் முன்னால், ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அதற்காக நான் வேலையில் இருந்தவரை மல்லுக்கட்டினேன், முழுதாக ஜெயிக்கவில்லை. மறுபடி வரும் நோயாளிக்கு முன்பு பார்த்த அதே டாக்டரைக் காட்டுங்கள். பயிற்சி டாக்டர்களின் சுழற்சி அட்டவணையை அதற்கேற்றபடி போடுங்கள். ஆறு நிமிடமாகவே இருக்கட்டும், அதே முகத்தோடு ஆறு நிமிடம். மாறிப் போகும்போது 'நான் அடுத்த மாதம் இருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். உளப்பகுப்பாய்வு நூறு வருடமாக மூடிய அறையில் கற்றுக்கொண்டதில் ஓ.பி.டி.க்கு அப்படியே எடுத்து வரக்கூடியது இதுதான்.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். மனநல மருத்துவரை விடாதீர்கள், மருந்து அவர் சொல்கிறபடியே தொடரட்டும். தைராய்டு, பி12, ரத்தசோகை எல்லாம் சமீபத்தில் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த தெரபிஸ்டிடம் எங்கே பயிற்சி பெற்றார், இப்போது யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் என்ன என்று நேராகக் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள்.

பணம். வாரம் இரண்டு முறை, இரண்டு வருடம் என்றால் ஏறக்குறைய 4,16,000 ரூபாய். லண்டன் ஆய்வில் பலன் தெரிந்தது வாரம் ஒரு முறை, 60 செஷனுக்கு. அதே கட்டணத்தில் 1,20,000. வாரம் ஒரு முறை வைத்துக்கொள்ளலாமா, கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலர் சில இடங்களைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் எஹ்ஸாஸ் கிளினிக் இந்த வழியில் இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பார்ப்பதற்கென்றே தொடங்கப்பட்டது, காஷ்மீரி கேட் வளாகத்தில் முதலில் விசாரியுங்கள். அரசு மருத்துவமனை என்றால் உங்களுக்கு தில்ஷாத் கார்டனில் இருக்கும் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை வசதி. பிங்க் லைனில் ஏறி வெல்கமில் ரெட் லைனுக்கு மாறினால் போதும். அங்கே கிளினிகல் சைகாலஜி பிரிவில் தொடர் சிகிச்சை கேளுங்கள். 'கவுன்சலிங்' என்று மட்டும் கேட்டால் ஒரே தடவை பேசி அனுப்பிவிடக்கூடும். 'ஒரே ஆளிடம் வாராவாரம்' என்று கேளுங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், பேச்சு சிகிச்சைக்குத் தராது. ஓ.பி.டி. செலவுக்கும் இடம் உண்டா என்று உங்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

மொழி பற்றி ஒன்று. தம்பி தில்லியில் வளர்ந்தவர் என்றால் நண்பர்களோடு இந்தி, ஆபீஸில் ஆங்கிலம், அம்மாவிடம் தமிழ் என்று இருப்பார். எந்த மொழியில் அவருக்குக் கோபம் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள். தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அப்பா திட்டிய வார்த்தையைத் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு விளக்கட்டும். அந்த வார்த்தையைக் காதில் வாங்க ஆர்வம் காட்டுகிறவரா என்று முதல் இரண்டு மூன்று செஷனிலேயே தெரிந்துவிடும்.

எப்போதாவது சாவைப் பற்றிப் பேசினாலோ, பொருட்களை எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தாலோ, அடுத்த செஷன் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 எந்த நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

ஆறு மாதத்தில் ஒரு தடவை தம்பியும் தெரபிஸ்டும் உட்கார்ந்து, எது மாறியது எது மாறவில்லை என்று பேசிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். ஒரு வருடத்தில் தூக்கம், வேலை, உறவு எதிலும் அசைவே இல்லையென்றால் வேறு வழி பார்க்கலாம். ஆனால் மூன்றாவது நான்காவது மாதத்தில் ஒரு நாள் வரும். 'இதனால் ஒரு பயனும் இல்லை, அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், நான் இனிமேல் போகப்போவதில்லை' என்பார். அன்று அவரோடு வாதாடாதீர்கள், சமாதானமும் சொல்லாதீர்கள். அன்று மட்டும் போய், உங்களிடம் சொன்ன அதே வார்த்தைகளை அங்கே சொல்லச் சொல்லுங்கள்.